112 கண்மாய்கள், ஓர் அட்டவணை

முதலில் வந்தது ஒரு படம். ஓர் ஆய்வாளர் தன் கணினித் திரையைக் கைப்பேசியால் சாய்வாக எடுத்திருந்தார். அட்டவணையின் வலப்பக்கம் படத்துக்கு வெளியே போயிருந்தது. மேற்பகுதியில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்து எழுத்துகளை மறைத்திருந்தது. கீழே சில வரிகள்: "அக்கா, அட்டவணை பக்கத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. வியாழக்கிழமை ஆய்வேட்டைப் பிரதி எடுக்கக் கொடுக்க வேண்டும். என்ன செய்வது?" அன்று திங்கட்கிழமை இரவு.

ஆய்வேடுகளை வேர்டில் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். இந்த ஆய்வாளரை முன்பே தெரியும். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றிய ஆய்வு. நான்கு ஒன்றியங்களில் கரை கரையாக நடந்து 112 கண்மாய்களின் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்), மடைகளின் எண்ணிக்கை, கலுங்கு (மிகைநீர் வழியும் இடம்), வயல்களுக்கு நீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சி யார், மீன்பாசிக் குத்தகை யாரிடம் என்று எழுதி வைத்திருந்தார். இரண்டு ஆண்டு உழைப்பின் சாரம் முழுவதும் அட்டவணை 4.3இல் இருந்தது. அது சிதைந்துதான் எனக்கு வந்து சேர்ந்தது.

நான் செய்த முதல் காரியமே தவறு. கோப்பைப் பார்க்காமல், படத்தை மட்டும் பார்த்து, "ஆட்டோஃபிட்டை நிறுத்திவிடுங்கள், சரியாகிவிடும்" என்று பதில் அனுப்பினேன். உள்ளே இருக்கும் எழுத்துக்கு ஏற்ப நெடுவரிசைகளின் அகலத்தை வேர்டு தானே மாற்றும் வசதி அது. அவரும் நிறுத்தினார். ஏற்கெனவே கோணலாக இருந்த அகலங்கள் அப்படியே உறைந்துபோயின. எந்த நெடுவரிசை எதனால் விரிந்தது என்று காட்டியிருக்கக்கூடிய தடயமும் அதோடு போயிற்று. தெரிந்த நோய் என்று நினைத்துக் கையைப் பிடித்துப் பார்க்காமல் மருந்து சொல்வதுபோல்தான் அது. மறுநாள் காலையில் கோப்பையே அனுப்பச் சொன்னேன்.

கோப்பில் இருந்தவை

கோப்பு வந்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தி மறைகுறிகளைத் திரையில் வரவழைத்தேன். அட்டவணைச் சிக்கல் எதுவானாலும் இதைச் செய்யாமல் நான் ஓர் அடிகூட எடுத்துவைப்பதில்லை. பத்திக்குறி, கட்டத்தின் முடிவுக்குறி, பக்க முறிவு, பிரிவு முறிவு எல்லாம் கண்ணுக்குத் தெரியும்போதுதான் ஆவணம் தன் உண்மையான உருவத்தைக் காட்டுகிறது.

ஒன்பது நெடுவரிசைகள். கடைசி நெடுவரிசையின் பாதி, தாளின் வலது ஓரத்துக்குள் நுழைந்திருந்தது. இரண்டாம் பக்கத்திலிருந்து தலைப்பு வரிசை வரவில்லை; ஒவ்வொரு பக்கத்தின் மேலும் அதைத் திரும்பக் காட்டச் சொல்லும் 'ரிப்பீட் ஆஸ் ஹெடர் ரோ' என்ற பெட்டியில் குறி இருந்தும் வரவில்லை. முதல் நெடுவரிசையான 'ஒன்றியம்' முதல் பக்கத்தில் மட்டும் பெயர் தாங்கி, அடுத்த பக்கங்களில் வெறுமையாகக் கிடந்தது. அத்தியாயத் தலைப்புக்குக் கீழே அரைப்பக்கம் காலி. அட்டவணை முழுவதும் அடுத்த பக்கத்துக்குத் தாவியிருந்தது. முடிவில் ஒரு வெற்றுப் பக்கம். எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது எழுத்துகளின் நிலைமை. பல கட்டங்களில் புள்ளிகளைக் காணவில்லை. 'கண்மாய்' என்பது 'கணமாய' என்று நின்றது. 'மீன்பாசி' என்பதில் ஈகாரத்தின் மேற்சுழி அறுந்து 'மின்பாசி' போலத் தெரிந்தது.

"அட்டவணை நிற்க மாட்டேன் என்கிறது" என்ற ஒற்றை வரிக்குள் ஆறு தனித்தனி நோய்கள் இருந்தன. காரணம் ஒன்று என்று எண்ணி ஒரே மருந்தைத் தேடியிருந்தால் வியாழன் வந்தும் முடிந்திருக்காது.

புள்ளி போன கதை

இதை முதலில் எடுத்தேன். அகலம் சரியில்லாத அட்டவணை அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான்; புள்ளி இல்லாத அட்டவணை ஊர்ப் பெயரையே மாற்றிவிடும்.

ஆய்வாளர் வைத்திருந்த மாதிரிக் கோப்பு, ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதிய ஒருவரிடமிருந்து வந்தது. அதில் அட்டவணைப் பத்திகளின் வரியிடைவெளி 'எக்ஸாக்ட்லி 12 பாயிண்ட்' என்று கட்டப்பட்டிருந்தது. ஆங்கில எழுத்துக்கு அது இறுக்கமாக இருந்தாலும் தாங்கும். தமிழ் எழுத்துருக்களுக்கு உயரம் கூடுதலாக வேண்டும். மேலே புள்ளியும் இகர ஈகாரக் கொக்கிகளும், கீழே உகர ஊகார வளைவுகளும் இருக்கின்றன. 'எக்ஸாக்ட்லி' என்றால் வேர்டு சொன்ன சொல்லைக் காப்பாற்றும். எழுத்து எவ்வளவு உயரமானாலும் 12 பாயிண்ட்டுக்கு மேல் இடம் தராது; மிஞ்சியது வெட்டுப்படும். வெட்டு மேற்பக்கத்தில்தான் விழும். தமிழில் மேற்பக்கத்தில் இருப்பதோ புள்ளி.

அதோடு சில வரிசைகளின் உயரமும் 'எக்ஸாக்ட்லி 0.6 செ.மீ.' என்று பூட்டப்பட்டிருந்தது. அங்கே இரண்டு வரி எழுதினால் இரண்டாம் வரி கட்டத்துக்குள் மறைந்துபோகும். அழிந்துவிடவில்லை, உள்ளேயே இருக்கிறது. ஆனால் திரையிலும் தாளிலும் தெரியாது. இப்படி 14 வரிசைகளில் குத்தகைதாரர் விவரம் பாதி மறைந்திருந்தது. தட்டச்சு செய்தவர் விட்டுவிட்டார் என்று நினைத்து ஆய்வாளர் சிலவற்றை இரண்டாம் முறை தட்டச்சு செய்திருந்தார். உயரத்தைத் திறந்ததும் ஒரே விவரம் இரண்டு முறை வெளிவந்தது.

தீர்வு எளிது. வரியிடைவெளியை 'சிங்கிள்' ஆக்கினேன். வரிசை உயரத்தை 'அட் லீஸ்ட்' ஆக்கினேன். குறைந்தபட்சம் இவ்வளவு, தேவைப்பட்டால் கூடட்டும் என்று பொருள். புள்ளிகள் திரும்பி வந்தன. தமிழில் அட்டவணை போடுகிறவர்கள் 'எக்ஸாக்ட்லி' என்ற அமைப்பை மறந்துவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பக்கம் குறைய வேண்டுமானால் எழுத்தின் அளவை அரை பாயிண்ட் குறைக்கலாம். எழுத்தின் தலையை வெட்டக்கூடாது.

அகலம்

இங்கே இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. முதலாவது தாள். மாதிரிக் கோப்பு 'லெட்டர்' அளவுக்கு, அதாவது 21.59 செ.மீ. அகலத்துக்கு அமைக்கப்பட்டது. கட்டுத்தையலுக்காக இடப்புறம் 3.81, வலப்புறம் 2.54 செ.மீ. விட்டால் மிச்சம் 15.24. அட்டவணைக்கு அந்த அகலத்தையே கொடுத்திருந்தார்கள். ஆய்வேடு போகவேண்டிய ஏ4 தாளின் அகலமோ 21 செ.மீ.; அதே ஓரங்களோடு மிச்சம் 14.65. தாளை மாற்றியபோது அட்டவணையின் அகலம் தானாக மாறவில்லை. 0.59 செ.மீ. வெளியே தொங்கியது.

இரண்டாவது காரணம் தமிழ்ச் சொற்களின் நீளம். 'ஆட்டோஃபிட்' இயங்கும்போது, ஒரு நெடுவரிசையில் உள்ள மிக நீளமான சொல் உடையாமல் அடங்கும் அளவுக்கு வேர்டு அதை விரிக்கும். பக்கத்தில் இருப்பவை ஒடுங்கும். 'ஆயக்கட்டுதாரர்கள்', 'குடிமராமத்துப்பணிகள்' போன்ற சொற்கள் நம் மொழியில் இயல்பாக அமைபவை. இவற்றில் ஒன்றைக் குறிப்பு நெடுவரிசையில் தட்டினால் போதும், ஊர்ப் பெயர் நெடுவரிசை சுருங்கிவிடும். அதைச் சரிசெய்ய மவுஸால் கோட்டை இழுத்தால் வேறொன்று நகரும். ஆய்வாளர் மூன்று இரவு இப்படி இழுத்திருக்கிறார். சில சமயம் ஒரே ஒரு கட்டம் தேர்வாகியிருந்த நிலையில் இழுத்ததால், அந்த வரிசையின் கோடு மட்டும் தனியே நகர்ந்திருந்தது.

எவ்வளவு நகர்ந்தது என்று அறியக் கோப்பின் உள்ளேயே பார்த்தேன். டாக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டை. அவிழ்த்தால் உள்ளே எக்ஸ்எம்எல் எழுத்துக் கோப்புகள் இருக்கும். அட்டவணையின் கோடுகள் அங்கே அங்குலத்தில் 1440இல் ஒரு பங்கு என்ற அலகில் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். ஒன்பது நெடுவரிசைக்கு ஒன்பது எண் இருக்கவேண்டிய இடத்தில் 23 எண்கள் இருந்தன. கண்ணுக்கு ஒரே நேர்க்கோடாகத் தெரிந்தவை உண்மையில் மயிரிழை வேறுபாட்டில் நிற்கும் பல கோடுகள். இந்த நிலைக்கு வந்த அட்டவணையை மேலும் இழுத்துச் சரிசெய்ய முயல்வது வீண்வேலை. புதிதாக ஓர் அட்டவணை போட்டு, உள்ளடக்கத்தை அமைப்பு இல்லாத வெற்று எழுத்தாக ஒட்டுவதே வழி.

ஆனால் ஒன்பது நெடுவரிசையை 14.65 செ.மீ.க்குள் எப்படிப் போட்டாலும் நெரியும். எனவே அந்தப் பக்கங்களுக்கு மட்டும் தனி அமைப்பு தர, அட்டவணைக்கு முன்னும் பின்னும் பிரிவு முறிவு வைத்து, தாளைக் கிடையாகத் திருப்பினேன். இதில் பலர் தவறவிடும் ஒன்று இருக்கிறது: கிடைத்தாளில் தையல் பக்கம் மேலே வந்துவிடும். ஆகவே 3.81 செ.மீ. ஓரம் மேலே போகவேண்டும். இடமும் வலமும் 2.54 போதும். எழுத 24.62 செ.மீ. கிடைத்தது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் எண்ணாலேயே அகலம் கொடுத்தேன், மவுஸைத் தொடவில்லை. ஆட்டோஃபிட்டை இப்போது நிறுத்தினேன். திங்களன்று நான் சொன்ன அதே மருந்துதான், ஆறாவது படியில் கொடுக்கவேண்டியதை முதல் படியில் கொடுத்திருந்தேன்.

தலைப்பு வரிசையும் மற்றவையும்

தலைப்பு வரிசை திரும்ப வராததற்கு, அட்டவணையைச் சுற்றி எழுத்து ஓடும்படி 'டெக்ஸ்ட் ராப்பிங்' 'அரவுண்ட்' என்று மாறியிருந்தது ஒரு காரணம். இதை யாரும் தெரிந்து செய்யவில்லை. அட்டவணையின் இடப்புற மூலையில் தோன்றும் சிலுவைக் குறியைப் பிடித்துச் சற்று நகர்த்தினாலே அப்படி மாறிவிடும். மிதக்கும் அட்டவணையில் தலைப்பு வரிசை தொடராது. 'நன்' (None, எதுவும் வேண்டாம்) என்று மாற்றினேன்.

அப்படியும் மூன்று பக்கங்களில் வரவில்லை. மறைகுறிகளைப் பார்த்தால் அங்கெல்லாம் கையால் வைத்த பக்க முறிவு. வேர்டு தானாகப் பக்கம் உடைக்கும் இடத்தில் மட்டுமே தலைப்பைத் திரும்ப எழுதும். நாம் உடைத்த இடத்தில் எழுதாது. முறிவுகளுக்குக் கீழே யாரோ தலைப்பு வரிசையை நகலெடுத்துக் கையால் ஒட்டியும் இருந்தார்கள். வரிசை ஒன்று கூடினாலும் அந்தத் தலைப்பு பக்கத்தின் நடுவில் வந்து நிற்கும்.

அரைப்பக்கம் காலியானதற்கு, அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து 'கீப் வித் நெக்ஸ்ட்' கொடுத்திருந்ததே காரணம். ஒவ்வொரு வரிசையும் அடுத்ததை விட்டுப் பிரியமாட்டேன் என்றால் மொத்தமும் அடுத்த பக்கத்துக்குத்தான் போகும். தலைப்பு வரி தவிர மற்றதில் எடுத்துவிட்டேன். கடைசி வெற்றுப் பக்கம் சிறிய விஷயம்: அட்டவணைக்குப் பின் ஒரு பத்திக்குறி இருந்தே தீரவேண்டும் என்பது வேர்டின் விதி, பக்கம் அடிவரை நிறைந்தால் அந்தக் குறி அடுத்த பக்கத்துக்கு வழியும். அதன் எழுத்தளவை 1 பாயிண்ட் ஆக்கினால் மேலேயே தங்கிவிடும்.

'ஒன்றியம்' நெடுவரிசைக்கு வேறு முடிவு எடுக்கவேண்டியிருந்தது. 36 வரிசைகளைச் செங்குத்தாக ஒரே கட்டமாக இணைத்திருந்தார்கள். இணைத்த கட்டத்தின் எழுத்து முதல் பக்கத்தில் நின்றுவிடும், அடுத்த பக்கத்துக்கு வராது. செங்குத்தாக இணைப்பது சிறிய அட்டவணைக்கு அழகு; பக்கம் தாண்டும் அட்டவணைக்கு அது தொல்லை. நெறியாளரின் ஒப்புதலைப் பெற்று, 31, 27, 36, 18 கண்மாய்கள் என நான்கு அட்டவணைகளாகப் பிரித்து, ஒன்றியத்தின் பெயரைத் தலைப்பிலேயே எழுதினோம். ஒரு நெடுவரிசை மிச்சமாயிற்று. குறிப்பு நெடுவரிசை மூச்சுவிட்டது.

கேட்ட விதம்

இத்தனையும் செவ்வாய் மாலைக்குள் முடிந்திருக்கும். புதன் இரவு வரை இழுத்ததற்கு அட்டவணை காரணமில்லை.

செவ்வாய் மாலை ஆய்வாளர் தொலைபேசியில் சொன்னார்: "அக்கா, டிடிபி கடையிலும் கொடுத்திருந்தேன். அவர் இப்போதுதான் திருப்பித் தந்தார். அதில் ஆறு கண்மாய்களைப் புதிதாகச் சேர்த்துவிட்டேன்." கேட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. எனக்கு எழுதிய அதே இரவில் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவரிடமும் கோப்பைக் கொடுத்திருக்கிறார். 'கீப் வித் நெக்ஸ்ட்' மாணவர் செய்தது. பக்க முறிவும் ஒட்டிய தலைப்புகளும் கடைக்காரர் செய்தவை. எனக்கு வந்தது இரண்டு பேரும் ஏற்கெனவே ஒருமுறை கைவைத்த பிரதி. அவரவருக்குத் தெரிந்த நல்லதைத்தான் இருவரும் செய்திருக்கிறார்கள். மூவரில் ஒருவருக்கும் மற்ற இருவரும் இருப்பது தெரியாது.

சேர்த்ததாகச் சொன்ன ஆறும் புதிய கண்மாய்கள் இல்லை. என் பிரதியில் உயரம் பூட்டிய வரிசைகளுக்குள் விவரம் மறைந்துபோன அதே கண்மாய்கள். விடுபட்டவை என்று நினைத்துக் கடைப் பிரதியில் மீண்டும் எழுதியிருந்தார். வேர்டின் 'கம்பேர்' வசதியால் இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அமைப்பு இவ்வளவு மாறிய அட்டவணைகளில் எல்லாமே மாற்றம் என்று சிவப்பாகக் காட்டுகிறது. கடைசியில் அவர் களக் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் படிக்க, நான் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்த்தேன். 112 வரிசைகள். ஒரு முழு மாலை.

பலரிடம் உதவி கேட்பதில் தவறே இல்லை. வியாழக்கிழமை துரத்தும்போது யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் ஒவ்வொருவரிடமும், "இன்னாரிடமும் கேட்டிருக்கிறேன், அவர் இதைச் செய்து பார்த்தார்" என்று சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே என்ன முயன்றோம் என்பதுதான் உதவுகிறவருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த தடயம். வெட்கத்தால் பலர் அதைத்தான் மறைக்கிறார்கள். மூன்று இரவு கோட்டை இழுத்ததை அவர் திங்களன்றே சொல்லியிருந்தால், அந்த 23 கோடுகளை நான் கோப்பைத் திறக்கும் முன்பே எதிர்பார்த்திருப்பேன்.

இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. அந்தக் கோப்பின் பின்னிணைப்பில் நீர்பாய்ச்சிகளின் பெயர்களும் கைப்பேசி எண்களும் இருந்தன. ஆய்வுக்காக நம்பிச் சொன்ன மனிதர்களின் எண்கள் ஒரே இரவில் மூன்று கணினிகளுக்குப் போயின. நான் சொன்ன பிறகுதான் ஆய்வாளருக்கு அது உறைத்தது, மிகவும் வருந்தினார். நானும் கோப்பைக் கேட்டபோதே, "மற்ற பகுதிகளை நீக்கிவிட்டு அனுப்புங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது யாரிடமும் அப்படித்தான் கேட்கிறேன்: கோப்பை நகலெடுங்கள், அட்டவணை தவிர மற்றதை அழியுங்கள், பத்துப் பன்னிரண்டு வரிசைகளை மட்டும் விட்டு, பெயர்களை மாற்றுங்கள், சிக்கல் இன்னும் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் அனுப்புங்கள். இப்படிச் சுருக்கும்போதே பாதிப் பேர் காரணத்தைத் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். எந்த வரிசையை அழித்ததும் சிக்கல் மறைந்ததோ, காரணம் அங்கே இருக்கும்.

உதவுகிறவர் பக்கமும் கடமை உண்டு. செவ்வாய்க் காலையில் நான் சரிசெய்த முதல் பகுதியை எந்த விளக்கமும் இல்லாமல் அனுப்பினேன். ஓர் ஊர்ப் பெயரைத் திருத்தப் போன ஆய்வாளர் பழைய வழக்கப்படி சிலுவைக் குறியைப் பிடித்து நகர்த்த, தலைப்பு வரிசை மறுபடியும் போய்விட்டது. அவர் மேல் பிழை இல்லை. எதைத் தொடக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. அடுத்த முறை என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், எதைத் தொடவேண்டாம் என்று பத்து வரி எழுதி அனுப்பினேன்.

புதன் இரவு பதினொன்றரைக்கு இறுதிக் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கினோம். எழுத்துரு இல்லாத கணினியில் வேர்டு கோப்பைத் திறந்தால் வேறு எழுத்துரு வந்து அமர்ந்து, எல்லா அளவும் மாறிவிடும் என்பதால் பிரதி எடுக்கும் இடத்துக்கு வேர்டு கோப்பைக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வியாழன் மதியம் பிரதிகள் வந்தன. கிடைப்பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினார். இம்முறை நேராக, நான்கு மூலையும் தெரிய, நல்ல வெளிச்சத்தில். ஒவ்வொரு 'கண்மாய்' மேலும் இரண்டு புள்ளிகள் இருந்தன.

சனிக்கிழமை அவரிடமிருந்து நீண்ட கடிதம் வந்தது. எது எதனால் உடைந்தது, எதைச் செய்தபின் சரியானது என்று வரிசையாக எழுதியிருந்தார். அதையே பக்கத்து வீட்டு மாணவருக்கும் கடைக்காரருக்கும் அனுப்பியிருந்தார்; பின்னிணைப்பு இருந்த பழைய பிரதிகளை இருவரும் அழித்துவிட வேண்டும் என்று அவற்றில் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அழித்துவிட்டதாக மாணவர் பதில் எழுதினார். கடைக்காரர் எனக்கே தொலைபேசியில் பேசினார். பல ஆண்டுகளாக ஆய்வேடு அமைக்கிறவர். தலைப்பு வரிசை வராத அட்டவணைகள் அவருக்கு எத்தனையோ வந்திருக்கின்றன; எல்லாவற்றிலும் கையால்தான் ஒட்டிக்கொண்டிருந்தாராம். "அம்மா, அந்த 'அரவுண்ட்' எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். டேபிள் ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியை முழுத்திரையாகப் படம் பிடித்து, அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு அனுப்பினேன்.